மியூவைத் தவிர்க்கப் பார்த்த கதை: ஓபியாய்டுகளும் மனச்சோர்வு ஆராய்ச்சியும்

மனச்சோர்வுக்கு அபின் கொடுப்பது பழைய வைத்தியம். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஜெர்மனியின் எங்கெல்கன் குடும்பத்து மருத்துவர்கள் அதை ஒரு முறையாகவே வகுத்து வைத்திருந்தார்கள். சிறிய அளவில் தொடங்கி, நாளுக்கு நாள் ஏற்றி, நோயாளி தெளிந்ததும் அதே மாதிரி படிப்படியாக இறக்கி நிறுத்துவார்கள். நவீன மனநல மருத்துவத்துக்கு அடித்தளம் போட்ட எமில் கிரேப்பலின், பதற்றமும் தவிப்புமாக இருக்கும் மனச்சோர்வு நோயாளிகளுக்கு இதைப் பரிந்துரைத்திருக்கிறார். மின் அதிர்ச்சி சிகிச்சை வந்தது. 1957-இல் ரோலண்ட் கூன் இமிப்ரமின் என்ற மனச்சோர்வு மருந்து பற்றி எழுதினார். அபின் வைத்தியம் ஓரங்கட்டப்பட்டது. அது பலிக்கவில்லை என்று எவரும் முறையாகச் சோதித்து நிரூபித்ததால் இல்லை; அடிமையாக்காத மருந்து கையில் இருக்கும்போது அபின் எதற்கு என்பதுதான் காரணம்.

அதற்குப் பிறகு இந்தத் துறையில் நடந்ததை உற்றுப் பார்த்தால் ஒரு போக்கு தெரியும். ஓபியாய்டு, அதாவது அபின் வகை மருந்து மனதைத் தேற்றுகிறது என்று ஒவ்வொரு முறை தடயம் கிடைத்தபோதும், ஆராய்ச்சியாளர்கள் அதற்கு மியூ ஏற்பி அல்லாத வேறொரு காரணத்தைத் தேடியிருக்கிறார்கள். ஏற்பி என்பது நரம்பணுவில் மருந்து போய் ஒட்டும் புரதம்; மார்ஃபினும் ஹெராயினும் வேலை செய்யும் இடம் மியூ. அதைத் தொட்டால் போதை, அடிமைத்தனம், மூச்சுத் தளர்ச்சி, கூடவே மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் கெடுபிடி. இந்தத் தேடலில் நல்ல அறிவியலும் இருந்தது, ஆசையும் கலந்திருந்தது. ஆசையின் பங்கு கொஞ்சம் கூடுதல் என்பது என் கருத்து.

நவீன அத்தியாயம் பூப்பிரினார்ஃபினில் தொடங்குகிறது. இங்கிலாந்தின் ஹல் நகரில் ரெக்கிட் அண்ட் கோல்மன் நிறுவனத்தில் 1960-களில் உருவான மூலக்கூறு. மியூ ஏற்பியில் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். ஆனால் முழுவதுமாகத் தூண்டாது, பகுதித் தூண்டி. இன்னோர் ஓபியாய்டு ஏற்பியான காப்பாவிலோ அது தடுப்பான். 1982-இல் எம்ரிச் குழுவினர் ஜெர்மனியில் சிறிய அளவில் இதை மனச்சோர்வுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். 1995-இல் அமெரிக்காவின் மக்லீன் மருத்துவமனையில் அலெக்சாண்டர் பாட்கின் குழு வெளியிட்ட கட்டுரைதான் இன்றும் எல்லோரும் மேற்கோள் காட்டுவது. வேறு எந்த மருந்துக்கும் மசியாத 10 பேர். குமட்டல், உடல் அசதி, மனக்கசப்பு என்று 3 பேர் ஆரம்பத்திலேயே நிறுத்திவிட்டார்கள். மீதி 7 பேரில் 4 பேருக்கு நோய் முழுவதுமாக அடங்கியது, 2 பேருக்கு ஓரளவு தேறியது, ஒருவருக்கு மோசமானது. ஒப்பிட்டுப் பார்க்க வெற்று மருந்து தரும் பிளாசிபோ பிரிவு கிடையாது. எது கொடுக்கப்படுகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். இதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. ஆனாலும் மின் அதிர்ச்சி வரை போய்வந்த நோயாளிகளைப் பார்க்கும் மருத்துவர்களுக்கு, 10-இல் 4 என்பது கண்ணில் படாமல் போகாது.

இந்த மருந்தைக் கையாளும் விதமும் முடிவுகளைப் பாதிக்கும். விழுங்கினால் குடலும் கல்லீரலும் பெரும்பகுதியைச் சிதைத்துவிடும். அதனால் நாக்குக்கு அடியில் வைக்க வேண்டும். வாய் உலர்ந்திருந்தால் முதலில் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்து ஈரமாக்கிக்கொண்டு, மாத்திரை முழுதும் கரையும்வரை பேசாமல், எச்சிலை விழுங்காமல் இருக்க வேண்டும். 5 முதல் 10 நிமிடம் பிடிக்கும். பாதியில் விழுங்கிவிடுகிறவருக்கு அதே மாத்திரை பாதி மருந்துகூட இல்லை. ஓபியாய்டு அடிமைத்தன சிகிச்சையில் நாளொன்றுக்கு 16 மில்லிகிராம் சாதாரணம். மனச்சோர்வு ஆய்வுகளில் பேசப்படுவதோ பெரும்பாலும் 2 மில்லிகிராமுக்கும் குறைவு. ஏற்கெனவே மார்ஃபின் வகை மருந்து ஓடிக்கொண்டிருக்கும் உடம்பில் இதைத் திடீரென்று கொடுத்தால், அது மியூவில் உட்கார்ந்திருப்பதைத் தள்ளிவிட்டு, தான் பாதி மட்டுமே தூண்டும். மருந்து திடீரென்று நின்றால் வரும் கடுமையான விலகல் அறிகுறிகள் உடனே கிளம்பும். ஓபியாய்டு பழக்கமே இல்லாதவருக்குப் பிரச்சினை நேர் எதிர்: முதல் நாள் குமட்டல், மயக்கம், பிறகு மலச்சிக்கல். மூச்சைக் குறைப்பதில் இதற்கு ஓர் உச்சவரம்பு உண்டு என்பது உண்மை. ஆனால் மதுவோ அல்பிரசோலம் போன்ற தூக்க மாத்திரையோ கூடச் சேர்ந்தால் அந்த வரம்பை நம்ப முடியாது.

இனி காப்பா. 1979-இல் ஆவ்ரம் கோல்ட்ஸ்டைன் குழு மூளையின் சொந்த ஓபியாய்டுகளில் ஒன்றுக்கு டைனார்ஃபின் என்று பெயரிட்டது. அதற்கு உரிய ஏற்பி காப்பா. 1986-இல் ஃபைஃபர் குழு ஆரோக்கியமான தன்னார்வலர்களுக்குக் காப்பா தூண்டி ஒன்றைக் கொடுத்தபோது அவர்களுக்கு வந்தது இன்பம் இல்லை. விவரிக்க முடியாத அருவருப்பும், தன் உடம்பு தன்னுடையதே இல்லை போன்ற உணர்வும். காப்பாவையும் தூண்டும் பெண்டாசோசின், அதாவது நம் ஊர் வார்டுகளில் ஃபோர்ட்வின் என்று அறியப்படும் ஊசி, சிலருக்கு வலியைக் குறைத்தாலும் மனதைக் கலக்கிவிடுவது இதனால்தான். விலங்குகளில் மன அழுத்தம் டைனார்ஃபினைச் சுரக்க வைக்கிறது என்பதை சார்ல்ஸ் சாவ்கின் ஆய்வகமும், எலி மூளையில் இன்பத்தோடு தொடர்புள்ள நியூக்ளியஸ் அக்கம்பென்ஸ் பகுதியில் அது எப்படி நடக்கிறது என்பதை மக்லீனின் வில்லியம் கார்லெசன் ஆய்வகமும் காட்டின. காப்பாவைத் தூண்டினால் வெறுப்பு, அப்படியானால் தடுத்தால்? பூப்பிரினார்ஃபினின் பலனுக்கு இங்கே ஒரு கௌரவமான விளக்கம் கிடைத்தது. போதை தரும் மியூவை விட்டுவிடலாம், காப்பாவைத் தடுத்தால் போதும்.

இதற்கு ஆதாரமாக நின்றது நீச்சல் சோதனை. ரோஜர் போர்சோல்ட் 1977-இல் வகுத்தது. எலியைத் தப்ப வழியில்லாத கண்ணாடி உருளையில் போட்டு 15 நிமிடம் நீந்த விடுவார்கள். 24 மணி நேரம் கழித்து மறுபடியும் 5 நிமிடம். இரண்டாவது முறை எவ்வளவு நேரம் அசையாமல் மிதக்கிறது என்பதை எண்ணுவார்கள். சுண்டெலிக்கு ஒரே சுற்று 6 நிமிடம், கணக்கில் வருவது கடைசி 4 நிமிடம். மனச்சோர்வு மருந்து கொடுத்த விலங்கு குறைவான நேரமே மிதக்கும். காப்பா தடுப்பான்கள் இதில் அழகாகத் தேறின.

இந்தச் சோதனையைக் கெடுப்பது சுலபம். தண்ணீர் ஆழம் குறைவாக இருந்தால் எலி வாலை ஊன்றி நின்றுவிடும். தொடக்கத்தில் 15 சென்டிமீட்டராக இருந்த ஆழத்தைப் பின்னால் 30 சென்டிமீட்டராக ஏற்ற வேண்டியிருந்தது. தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தால் சும்மா மிதக்கும். மிகவும் குளிர்ந்திருந்தால் உடல் விறைத்து அசைவு குறையும். இரண்டிலும் எண் ஒன்றுதான், காரணம் வேறு. ஓட்டத்தைக் கூட்டும் எந்தப் பொருளும், காஃபின் உட்பட, பொய்யாகத் தேறிவிடும். மார்ஃபின் கொடுத்த கறுப்புச் சுண்டெலி வட்டமடித்து ஓடும் என்பது ஆய்வகத்தில் எல்லோருக்கும் தெரிந்ததே. ஆகவே மியூ தூண்டிகளுக்கு இந்தச் சோதனையில் கிடைக்கும் மதிப்பெண்ணை நம்ப முடியாது என்று ஒதுக்கிவிட்டுக் காப்பாவின் மதிப்பெண்ணை மட்டும் வாங்கிக்கொண்டார்கள்.

காப்பா தடுப்பான்களிலும் ஒரு கண்ணி உண்டு. ஆய்வகங்களில் அதிகம் பயன்பட்டது நார்-பிஎன்ஐ. ஊசி போட்ட முதல் சில மணி நேரம் அது மியூவையும் தடுக்கிறது. காப்பாவை மட்டும் தேர்ந்து தடுக்க ஒரு நாளாவது போக வேண்டும். பிறகு வாரக்கணக்கில் விடாது. ஊசி போட்டு அரை மணியில் சோதித்த கட்டுரைக்கும், இரண்டு நாள் கழித்துச் சோதித்த கட்டுரைக்கும் தலைப்பு ஒன்றாக இருக்கலாம், நடந்தது ஒன்றில்லை. இதே போல நீண்ட நாள் தங்கும் ஜேடிடிக் என்ற மூலக்கூறை மனிதர்களுக்குக் கொடுத்தபோது சிலருக்கு இதயத் துடிப்பில் கோளாறு தெரிந்தது. சோதனை அத்தோடு நின்றது. வாரக்கணக்கில் உடம்பை விட்டுப் போகாத மருந்தில் இப்படி ஒன்று நேர்ந்தால் மருத்துவரால் காத்திருக்கத்தான் முடியும்.

அல்கெர்மிஸ் நிறுவனத்தின் யோசனை புத்திசாலித்தனமானது. புதிய காப்பா தடுப்பானைத் தேடுவானேன்? பூப்பிரினார்ஃபின் இருக்கிறது. அதன் மியூ பக்கத்தை அடைக்க சாமிடார்ஃபான் என்ற மியூ தடுப்பானை அதே மாத்திரையில் சேர்த்தால் போதை போய்விடும், காப்பா பலன் மட்டும் நிற்கும். ஏஎல்கேஎஸ் 5461 என்று பெயர். முதல் சிறிய ஆய்வில் 32 நோயாளிகள், 7 நாள். இரண்டு மருந்தையும் 1:1 விகிதத்தில் சேர்த்து மியூவை முழுதாக அடைத்தபோது, 8:1 விகிதத்தை விடப் பலன் மேலாகத் தோன்றியது. காப்பா கட்சிக்கு இது நல்ல சாட்சி, மறைக்கக் கூடாது. அடுத்து 142 பேரிடம் நடந்த இரண்டாம் கட்ட ஆய்வில் 2/2 மில்லிகிராம் பலித்தது. 8/8 மில்லிகிராம் தெளிவாகப் பலிக்கவில்லை. நான்கு மடங்கு மருந்து காப்பாவைக் கூடுதலாகத் தடுத்திருக்க வேண்டும். பலன் ஏன் குறைந்தது? பக்கவிளைவு என்று பதில் சொன்னார்கள். இருக்கலாம்.

மூன்றாம் கட்டத்தில்தான் சிக்கல். 2016 ஜனவரியில் ஃபார்வர்ட்-3, ஃபார்வர்ட்-4 இரண்டும் தோற்றன. அதே ஆண்டு அக்டோபரில் ஃபார்வர்ட்-5 வென்றது. இதில் ஃபார்வர்ட்-4, ஃபார்வர்ட்-5 இரண்டும் நடந்த விதம் கவனிக்கத்தக்கது. முதல் சுற்றில் பெரும்பாலானவர்களுக்குப் பிளாசிபோ. அதில் தேறியவர்களை ஒதுக்கிவிட்டு, தேறாதவர்களை மட்டும் இரண்டாவது சுற்றில் மறுபடி மருந்துக்கும் பிளாசிபோவுக்கும் பிரிப்பார்கள். இரண்டு சுற்றின் கணக்கையும் எடை போட்டுச் சேர்ப்பார்கள். பிளாசிபோ பலனை வடிகட்ட மௌரிசியோ ஃபாவா முதலானோர் 2003-இல் முன்வைத்த வடிவம் இது. கூடவே நோயின் அளவை மான்ட்கோமரி-ஆஸ்பெர்க் அளவுகோலின் முழு 10 கேள்விகளுக்குப் பதில் 6 கேள்விகளைக் கொண்டு, கடைசி வாரத்தில் மட்டும் பார்க்காமல் மூன்றாவது வாரத்திலிருந்து முடிவு வரை சராசரி எடுத்துக் கணக்கிட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே நியாயம் சொல்லலாம். மூன்றும் சேரும்போது, அளவுகோலை மாத்திரைக்கு ஏற்றபடி வெட்டியதாகத் தோன்றுவதைத் தடுக்க முடியாது. 2018 ஏப்ரலில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையான எஃப்டிஏ விண்ணப்பத்தையே ஏற்க மறுத்து, இரண்டு வாரத்தில் மனம் மாறி எடுத்துக்கொண்டது. நவம்பர் 1 அன்று ஆலோசனைக் குழு 21-க்கு 2 என்று எதிராக வாக்களித்தது. 2019 பிப்ரவரி 1 அன்று மறுப்புக் கடிதம் வந்தது. சாமிடார்ஃபான் மட்டும் பிழைத்துக்கொண்டது: ஒலான்சபின் மருந்தால் வரும் உடல் எடை ஏற்றத்தைக் கட்டுப்படுத்த, அதனுடன் சேர்த்து 2021 மே மாதம் அனுமதி பெற்றது.

பூப்பிரினார்ஃபின் கலப்பே இல்லாத தூய காப்பா தடுப்பானுக்கும் முறை வந்தது. அட்டிகாப்ரன்ட். 2020-இல் ஜான் கிரிஸ்டல் குழு 89 பேரிடம் நடத்திய ஆய்வில், பரிசுப் பணம் வரப்போகிறது என்ற எதிர்பார்ப்பின்போது மூளையில் பரிசை உணரும் பகுதியான வென்ட்ரல் ஸ்ட்ரையேட்டம் கூடுதலாக விழித்துக்கொண்டது. இன்பம் உணரும் திறனும் சற்றே கூடியது. எதிர்பார்ப்பு ஏறியது. 2025 ஜனவரியில் நியூமோரா நிறுவனத்தின் நவகாப்ரன்ட் முதல் பெரிய சோதனையில் தோற்றது. இரண்டே மாதத்தில் ஜான்சன் அண்ட் ஜான்சன், போதிய பலன் இல்லை என்று அட்டிகாப்ரன்ட்டின் மூன்றாம் கட்டச் சோதனையைக் கைவிட்டது. காப்பா கருத்து செத்துவிட்டது என்று சொல்வது அவசரம். ஆனால் எலி நீச்சலில் அத்தனை அழகாகத் தேறியதற்கு இது மெலிந்த அறுவடை.

இனி அடுத்த பக்கம். டயனெப்டின் பிரான்சின் செர்வியே நிறுவனம் ஸ்டாப்லான் என்று விற்கும் மனச்சோர்வு மருந்து, 12.5 மில்லிகிராம், நாளைக்கு மூன்று வேளை. செரட்டோனினை மற்ற மருந்துகளுக்கு நேர் எதிராகக் கையாளுகிறது என்று பல ஆண்டுகள் பாடப் புத்தகங்கள் சொல்லிக்கொண்டிருந்தன. 2014-இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் டாலிபோர் சேம்ஸ், ஜோனதன் ஜாவிட்ச் குழுவினர் அதை ஏற்பிகளின் நீண்ட வரிசையில் சோதித்தபோது அது ஒட்டியது மியூவில்; முழுத் தூண்டி. 2017-இல் அதே வட்டத்தினர் மியூ ஏற்பி இல்லாத சுண்டெலிகளுக்குக் கொடுத்தார்கள். பலன் இல்லை. அதாவது பல லட்சம் பேர் மனச்சோர்வுக்கு மியூ தூண்டி ஒன்றை, அது என்னவென்று எழுதிக்கொடுத்த மருத்துவருக்கே தெரியாமல், விழுங்கிக்கொண்டிருந்தார்கள். பரிந்துரைத்த அளவில் பெரும்பாலோருக்குச் சிக்கல் வரவில்லை. அமெரிக்காவில் அனுமதி இல்லாமலே பெட்ரோல் பங்க் கடைகளில் சத்து மாத்திரை என்ற பெயரில் கிடைத்தபோது, கிராம் கணக்கில் எடுத்தவர்களுக்கு அபின் விலகலும் மூச்சுத் தளர்ச்சியும் வந்தன. மருந்து உடம்பில் தங்குவதே சில மணி நேரம்தான். அதனால் அடுத்த வேளைக்கான தவிப்பு சீக்கிரம் கிளம்பிவிடுகிறது.

இஸ்ரேலில் யோரம் யோவெல் குழு 2016-இல் வெளியிட்டதும் இந்தப் பக்கம்தான். தற்கொலை எண்ணம் கடுமையாக இருந்தவர்களுக்கு பூப்பிரினார்ஃபின் 0.1 மில்லிகிராமில் தொடங்கி, உச்சம் 0.8 வரை. கடைசியில் சராசரி 0.44 மில்லிகிராம். நான்கு வாரம். பிளாசிபோவை விடத் தற்கொலை எண்ணம் குறைந்தது. நிறுத்தியபோது விலகல் அறிகுறி தென்படவில்லை. அவர்கள் இதைக் காப்பாவை வைத்து விளக்கவில்லை. தாயைப் பிரிந்த குட்டியின் அழுகையை மிகச் சிறிய அளவு ஓபியாய்டு அடக்குகிறது என்ற யாக் பாங்செப்பின் பழைய ஆராய்ச்சியிலிருந்து கிளம்பியவர்கள் அவர்கள். அதே மியூ.

2018-இல் ஸ்டான்ஃபோர்டின் நோலன் வில்லியம்ஸ், போரிஸ் ஹைஃபெட்ஸ் குழு இன்னும் பெரிய கல்லை எறிந்தது. மனச்சோர்வை வேகமாகத் தேற்றும் மயக்க மருந்தான கெட்டமின் வேலை செய்வது குளுட்டமேட் என்ற மூளை வேதிப்பொருள் வழியாக என்பதுதான் எல்லோரும் ஒப்புக்கொண்டது. அவர்கள் ஒரே நோயாளிக்கு ஒரு முறை பிளாசிபோவும், மறுமுறை மியூவை அடைக்கும் நால்ட்ரெக்சோன் 50 மில்லிகிராமும் கொடுத்துவிட்டு, கிலோவுக்கு 0.5 மில்லிகிராம் கெட்டமினை 40 நிமிடத்தில் ஏற்றினார்கள். 12 பேர் இரண்டு சுற்றையும் முடித்தார்கள். அதில் கெட்டமினுக்குத் தேறியவர்கள் 7 பேர். நால்ட்ரெக்சோன் உள்ளே இருந்தபோது அந்த 7 பேரின் தேற்றம் பெரும்பாலும் காணாமல் போனது. உடம்பை விட்டு மிதக்கும் உணர்வு மட்டும் குறையவில்லை. 30 பேரைச் சேர்க்க வேண்டிய ஆய்வை இடைக்காலக் கணக்கிலேயே நிறுத்திவிட்டார்கள். மறு ஆண்டே யேல் பல்கலைக்கழகத் தரப்பிலிருந்து எதிர்ச்சாட்சி வந்தது: மதுப்பழக்கமும் மனச்சோர்வும் இருந்த 5 பேருக்கு 380 மில்லிகிராம் நால்ட்ரெக்சோன் ஊசி போட்ட பிறகும் கெட்டமின் பலித்தது. ஆனால் அதில் பிளாசிபோ பிரிவு இல்லை.

இந்தச் சண்டையில் இரு தரப்பும் போதிய கவனம் கொடுக்காத மூன்றாவது ஆள் ஒருவர் இருக்கிறார்: பிளாசிபோவே. 1978-இல் லெவின், கார்டன், ஃபீல்ட்ஸ் மூவரும் கடைவாய்ப் பல் பிடுங்கியவர்களிடம், பிளாசிபோ தரும் வலி நிவாரணத்தை ஓபியாய்டு தடுப்பானான நலோக்சோன் தட்டிப் பறிக்கிறது என்று காட்டினார்கள். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மார்த்தா பெசீன்யா, ஹோன்-கார் சுபியேத்தா குழு 2015-இல் இதை மனச்சோர்வுக்குக் கொண்டுவந்தது. நோயாளிகளுக்கு ஒரு வாரம் பிளாசிபோ மாத்திரையை வேகமாக வேலை செய்யும் மருந்து என்று சொல்லிக் கொடுத்தார்கள். பிறகு ஸ்கேனரில் படுக்கவைத்து வெறும் உப்புத் தண்ணீரை நரம்பில் ஏற்றி, அதுவும் அப்படிப்பட்ட மருந்துதான் என்றார்கள். மனம் தேறியவர்களின் மூளையில், மியூவில் ஒட்டும் கதிரியக்கக் கார்ஃபென்டனிலின் இடத்தை மூளையின் சொந்த ஓபியாய்டு பிடித்துக்கொண்டது படத்தில் தெரிந்தது. எவருக்கு மியூ அதிகம் அசைந்ததோ அவர்கள் பின்னால் நிஜ மாத்திரைக்கும் நன்றாகத் தேறினார்கள்.

இப்போது ஏஎல்கேஎஸ் 5461-க்குத் திரும்பிப் பாருங்கள். மருந்துப் பிரிவில் சாமிடார்ஃபான் மியூவை அடைத்து வைத்திருக்கிறது. பிளாசிபோ பிரிவில் மியூ திறந்தே இருக்கிறது. நம்பிக்கையால் வரும் தேற்றம் மியூ வழியாக வருகிறதென்றால், மருந்துப் பிரிவினர் அந்தத் தேற்றத்தை இழந்துவிட்டுத்தான் போட்டிக்கே வருகிறார்கள். காப்பா தடுப்பு ஓரளவு பலன் தந்திருந்தாலும், எதிர்ப்பிரிவின் பிளாசிபோ பலனோடு அது சரிக்குச் சரியாகி, கணக்கில் ஒன்றும் மிஞ்சாமல் போயிருக்கலாம். ஸ்டான்ஃபோர்ட் முடிவுக்கும் இதே சந்தேகம் பொருந்தும். நால்ட்ரெக்சோன் கெட்டமினின் பலனைத் தடுத்ததா, கெட்டமின் மீதிருந்த நம்பிக்கையின் பலனைத் தடுத்ததா? 2023-இல் ஹைஃபெட்ஸின் குழுவே 40 பேருக்கு அறுவைசிகிச்சை மயக்கத்தில் கெட்டமினோ பிளாசிபோவோ கொடுத்தபோது இரண்டு பிரிவும் ஒரே அளவு தேறியது. இது என் கணிப்புதான், எவரும் நேரடியாக நிறுவியதில்லை. ஆனால் மேலே சொன்ன முடிவுகளில் பாதி இதோடு ஒத்துப்போகிறது.

மறுதரப்பில் இரண்டு கனமான கேள்விகள் உண்டு. மியூதான் மனதைத் தாங்குகிறது என்றால், நால்ட்ரெக்சோன் மாதக்கணக்கில் எடுக்கும் மதுநோயாளிகள் எல்லோரும் சோர்ந்து விழ வேண்டுமே? பெரும்பாலோர் விழுவதில்லை. இரண்டாவது, ஜெஃப்ரி ஷெரர் குழு அமெரிக்க மருத்துவப் பதிவுகளில் கண்டது: வலிக்காக 90 நாளுக்கு மேல் ஓபியாய்டு எடுத்தவர்களுக்குப் புதிதாக மனச்சோர்வு வரும் வாய்ப்பு கூடுகிறது. மியூவை நாள் முழுக்க நனைத்து வைத்தால் மூளை டைனார்ஃபினைக் கூட்டிப் பதிலடி கொடுக்கும். மனதைத் தேற்றுவதும் நாளடைவில் அதே மனதைக் குலைப்பதும் அளவையும் கால இடைவெளியையும் பொறுத்தது. எந்த மூன்றாம் கட்டச் சோதனையும் தீவிரமாகத் தேடாதது அதைத்தான். மனச்சோர்வுக்காக எவரும் தானாக பூப்பிரினார்ஃபின் வாங்கிப் போடக் கூடாது என்பதற்கும் இதுவே காரணம்.

இதைத் தீர்க்கும் சோதனையின் வடிவம் காகிதத்தில் எளிது. நான்கு பிரிவு: மருந்தும் நால்ட்ரெக்சோனும்; மருந்தும் வெற்று மாத்திரையும்; நால்ட்ரெக்சோன் மட்டும்; இரண்டுக்கும் பதில் வெற்று மாத்திரை. மூன்றாவது பிரிவு இல்லாமல் எதையும் பிரித்தறிய முடியாது. மருந்தின் பலனைக் கண்டுபிடிக்க எத்தனை பேர் தேவையோ, அதே அளவுள்ள ஊடாட்டத்தை, அதாவது ஒரு மருந்து மற்றதன் பலனை மாற்றுவதை, கண்டுபிடிக்க அதைப் போல நான்கு மடங்கு பேர் தேவை. அதற்குப் பணம் போட எந்த நிறுவனத்துக்கும் ஆர்வம் இல்லை. ஆள் செலவை மிச்சப்படுத்த ஒரே நோயாளியை இரண்டு சுற்றிலும் பயன்படுத்தினால் இடைவெளி பார்த்து விட வேண்டும். ஒரே ஒரு 50 மில்லிகிராம் நால்ட்ரெக்சோன் மாத்திரைக்கு 48 மணி நேரம் கழித்தும் மியூ 91 சதவீதம் அடைபட்டிருப்பதை 1988-இலேயே கார்ஃபென்டனில் ஸ்கேன் காட்டியது. 5-ஆம் நாளில் 46 சதவீதம், ஒரு வாரம் கழித்து 30 சதவீதம். நேற்று இரவு மாத்திரையை நிறுத்திவிட்டேன் என்று கெட்டமின் ஏற்ற வரும் நோயாளி, மியூவைப் பொறுத்தவரை இன்னும் எதையும் நிறுத்தியிருக்கவில்லை.